சோகப் பாட்டு ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

சோகப் பாட்டு ரசிகர் என்று யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. ஆனால் போனில் அதற்கென்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அது ஓடும். அப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரே என்று கவலைப்படுபவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுகள்தான். நடுவில் ஓர் அயல்நாட்டுப் பாட்டும் வரும்.

மெதுவாகப் போகிற பாட்டெல்லாம் சோகப் பாட்டா?

இல்லை. ஏக்கம் வேறு, விரக்தி வேறு. அவன் வருவான் என்று வாசலைப் பார்த்துப் பாடுகிறவளுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது. இனி வரமாட்டான், வந்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரிந்த பிறகு பாடுகிற பாட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டதில் கேசட் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. எண்பதுகளில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். எழுதிக் கொடுத்தது பத்துப் பாட்டு, இடம் பன்னிரண்டு பாட்டுக்கு என்றால், மிச்சத்தைக் கையில் கிடைத்த மெலடியால் நிரப்பி, மேலே 'சோக கீதங்கள்' என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரோடே அவை நம் மனசில் தங்கிவிட்டன.

மனசு ஏற்கெனவே சரியில்லை. அப்போது போய் இன்னும் சோகமான பாட்டை ஏன் தேடுகிறோம்?

எல்லாக் கேள்விக்கும் தலையான கேள்வி இதுதான்.

நொந்து போயிருக்கும்போது சந்தோஷமான பாட்டு எரிச்சல்தான் தரும். 'விடு மச்சான், சரியாயிடும்' என்று முதுகில் தட்டுகிற நண்பரிடம் வருகிற அதே எரிச்சல். சோகப் பாட்டு அப்படித் தட்டுவதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்களும் இதைத் தோண்டியிருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் இணையக் கணக்கெடுப்பில், சோக இசை என்ன உணர்வைத் தருகிறது என்று 772 பேரிடம் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை இல்லை, பழைய நினைவுகளின் இனிப்பும் வலியும் கலந்த ஒன்றை. மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் ஏன் சோக இசையை விரும்புகிறார்கள் என்று பின்னர் அமெரிக்காவில் ஆராய்ந்தவர்களுக்கு, அது மனசை அமைதிப்படுத்துகிறது என்ற பதில் கிடைத்தது. வேண்டுமென்றே புண்ணைக் கீறிக்கொள்கிறார்கள் என்ற பழைய சந்தேகம் அதோடு கொஞ்சம் அடங்கியது.

இதோடு எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமான விரக்திக்குப் பேச்சு வராது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், ஒண்ணுமில்லை என்பார். பாட்டோ பேசுகிறது, அதுவும் யாரையாவது கூப்பிட்டுப் பேசுகிறது. நம் சோகப் பாட்டுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள்: செத்தவரை, கடவுளை, நிலாவை, பெயர் தெரியாத ஒரு நண்பனை என்று யாரையோ முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். தனக்குள் முனகுகிற பாட்டு மிகக் குறைவு. கேட்க ஆள் இருக்கிறது என்று நம்புகிறவன்தானே வாயைத் திறப்பான்? அந்த ஆளின் இடத்தில் இரவு பதினொரு மணிக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

சோகத்துக்கு இன்னின்ன காரணம் என்று நம் இலக்கணம் ஏதாவது சொல்லியிருக்கிறதா?

சொல்லியிருக்கிறது, நாலே வார்த்தையில். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், 'இளிவே இழவே அசைவே வறுமையென' அழுகை நான்கு வகையில் பிறக்கும் என்கிறது. இளிவு என்றால் அவமானப்படுவது. இழவு என்றால் இழப்பது. சாவு மட்டுமில்லை, எதை இழந்தாலும். அசைவு என்றால் இருந்த நிலையிலிருந்து சரிந்து போவது. வறுமைக்கு விளக்கம் வேண்டாம்.

காதல் தோல்வி என்று தனியாக ஒன்று இதில் இல்லை, பார்த்தீர்களா? ஆனால் காதல் தோல்விப் பாட்டு எதை எடுத்தாலும் அது இந்த நாலில் ஒன்றில் போய் விழும். அவள் போய்விட்டாள் என்று அழுதால் இழவு. ஊர் சிரிக்கிறது என்று அழுதால் இளிவு. எப்படி இருந்த நான் இப்படி ஆகிவிட்டேனே என்று தாடியைத் தடவினால் அசைவு. பணமில்லாததால்தானே பெண் கொடுக்கவில்லை என்றால் வறுமை. இன்று வருகிற பாட்டு எதற்கு வேண்டுமானாலும் இதைப் போட்டுப் பாருங்கள், சரியாக உட்காரும்.

அசைவுக்கு எனக்குத் தெரிந்து புறநானூற்றின் 112-ஆம் பாட்டை மிஞ்சியது இல்லை. பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தர்கள் கொன்ற பிறகு அவனுடைய மகள்கள் பாடியது. அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் கொள்ளவில்லை. இற்றைத் திங்கள் இவ்வெண்ணிலவில் குன்றையும் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்தே அடிதான். ஒரு இடத்தில்கூட 'ஐயோ' இல்லை, 'அழுகிறோம்' இல்லை. போன மாதமும் இந்த மாதமும் ஒரே நிலா. அதன் கீழே இருந்தது எல்லாம் போய்விட்டது. பின்னாளில் சினிமா இந்த அடிகளை எடுத்துக் காதல் டூயட்டில் வைத்துக்கொண்டது. 1997-ல் வந்த 'நறுமுகையே' பாட்டில் 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்று கேட்டுச் சொக்கியவர்களில் பலருக்கு, அது தகப்பனை இழந்த பெண்களின் வரியிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

மலையகத்துப் பாட்டு ஒன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் பாடியது: 'ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனை தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நாமறந்தேன்.' இடத்துக்கு இடம் வரிகள் கொஞ்சம் மாறும். இதில் இரண்டாவது துண்டைக் கவனியுங்கள். ஒற்றைப் பனைமரம் நின்ற இடத்தைத் தோப்பு என்கிறார். ஊரில் அவருக்கு இருந்த சொத்தே அவ்வளவுதான் போல. இழந்த பிறகு அது தோப்பாகிவிட்டது.

ஒப்பாரி வைக்கிற பெண்கள் உண்மையிலேயே அந்தச் சாவுக்குத்தான் அழுகிறார்களா?

ஆமாம், கூடவே தங்களுக்காகவும். ஒப்பாரி கேட்டவர்களுக்குத் தெரியும்: முதலில் செத்தவரின் பெருமை வரும். தங்கமே, ராசாவே என்று கூப்பிட்டுப் பாடி, அவர் இல்லாத வீடு எப்படி ஆகிவிட்டது என்று போகும். அப்புறம் மெதுவாகத் திரும்பும். நாத்தனார் பேசிய பேச்சு, பிறந்த வீட்டில் கிடைக்காமல் போன சீர், குடிகாரப் புருஷன், எல்லாம் அதே மெட்டில் வந்துவிடும். மற்ற நாளில் வாயைத் திறந்தால் சண்டையாகும் சமாசாரம், சாவு வீட்டில் ஒப்பாரியாகப் பாடினால் மாமியாரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். நடுவில் எழுந்து 'அதெல்லாம் பொய்' என்று சொல்ல முடியாது.

கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். அழுகை மூச்சை அடைக்கிற இடத்தில் அடி முடியும், அதனால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். கட்டுப்பாடில்லாமல் அழுகிற மாதிரித் தெரியும். உள்ளே எதுகையும் மோனையும் சரியாக நின்றுகொண்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு அது.

இப்போது பல ஊர்களில் வீட்டுப் பெண்களுக்கு ஒப்பாரி வருவதில்லை. காசு கொடுத்து ஆள் கூட்டி வருகிறார்கள், மைக் செட்டும் உண்டு. போலி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒருத்தர் ஆரம்பித்து வைத்தால்தான் வீட்டுக்காரர்களுக்கு அழுகை வருகிறது என்றால், ஆரம்பித்து வைப்பதற்கு ஒரு கூலி கொடுக்கலாம்.

முகாரி என்றாலே அழுகை ராகம்தானே?

ஊர்ப் பேச்சில் அப்படித்தான். யாராவது புலம்பினால் 'முகாரி பாடாதே' என்போம். ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று பூரித்துப் பாடிய 'எந்தனினே வர்ணிந்துனு' கிருதி முகாரியில்தான் இருக்கிறது. அதில் அழுகை எங்கே? ராகம் தானாக அழாது. வேகம், வரி, பாடுகிற குரல், நாம் அதை முதலில் கேட்ட இடம் எல்லாம் சேர்ந்துதான் அழ வைக்கின்றன. சுபபந்துவராளி என்று இன்னொரு ராகம்: பெயரில் சுபத்தை வைத்துக்கொண்டு சினிமாவில் துக்கக் காட்சிக்கே அதிகம் உழைத்திருக்கிறது.

தமிழ் சினிமாவில் இந்தத் தாடி, குடி, விரக்தி எல்லாம் எங்கிருந்து தொடங்கியது?

தாடிக்கும் குடிக்கும் 1953-ல் வந்த 'தேவதாஸ்' பெரிய காரணம். சரத்சந்திரரின் வங்க நாவலை வைத்துத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். 'உலகே மாயம் வாழ்வே மாயம்' என்று கண்டசாலா பாடினார். அந்தத் தெலுங்கு வாடையடிக்கிற உச்சரிப்பைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நாக்கு குழறுகிற குடிகாரனுக்கு அது பொருந்திப்போனதாகவே படுகிறது. படத்தின் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன், முப்பது வயதுகூட ஆகாமல், படம் வெளியாகும் முன்பே 1952-ல் இறந்துபோனார். மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குத் தமிழனின் சோகம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் அவர்கள்தான்.

அறுபதுகளின் கண்ணதாசன், டி.எம்.எஸ். பாட்டுகள் ஏன் இன்றும் இப்படிப் பிடித்து உலுக்குகின்றன?

குரல், மெட்டு எல்லாம் சரி. வரியைப் பார்ப்போம்.

'பாலும் பழமும்' (1961) படத்தில் 'போனால் போகட்டும் போடா'. மனைவி இறந்துவிட்டதாக நம்புகிற ஒரு டாக்டர் பாடுகிறார். உயிர் இரவல் வாங்கியது, தந்தவன் கேட்கிறான், இல்லை என்றால் விடுவானா என்று கடன் பாக்கி பாஷையில் ஆரம்பித்து, 'இது கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்காது' என்கிறார். மரணத்தைப் பற்றிய பாட்டில் கோர்ட்! வேறு யாராவது என்றால் 'நீதிமன்றம்' என்று கௌரவமாக எழுதியிருப்பார்கள், அல்லது எமன், சித்திரகுப்தன் என்று போயிருப்பார்கள். நிலத் தகராறில் வக்கீல் வீட்டுக்கு அலைந்து களைத்த மனிதருக்கு, கோர்ட்டுக்குப் போனாலும் ஜெயிக்காத கேஸ் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். சாவை அவர் கைக்கு எட்டும் இடத்தில் கண்ணதாசன் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்தப் 'போடா'வும் யாரைப் பார்த்து? படத்தில் அந்த டாக்டர் எதிரில் ஆளே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற நம்மைத்தான்.

அடுத்த ஆண்டு 'பாத காணிக்கை'யில் வந்தது 'வீடு வரை உறவு'. இதன் வேர் பட்டினத்தார். செல்வமும் வாழ்வும் வீட்டோடு சரி, அழுதுவரும் பெண்கள் தெருவோடு சரி, தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு சரி என்று அவர் அடுக்கி, கடைசியில் 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே' என்று முடிப்பார். கூட எது வரும் என்பதற்குத் துறவியிடம் பதில் இருந்தது: நீ செய்த புண்ணியமும் பாவமும் வரும். கண்ணதாசன் அதே அடுக்கை எடுத்துக்கொண்டார். வீடு, வீதி, காடு எல்லாம் அப்படியே. கடைசிப் படியில் மட்டும் 'கடைசி வரை யாரோ?' என்று கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

பழைய பாட்டையும் புதிய பாட்டையும் பிரிக்கிற கோடு இதுதான் என்பேன். பட்டினத்தார் பயமுறுத்துவார், ஆனால் கையில் ஒரு விடையோடு வருவார். சினிமாப் பாட்டு நம்மை அந்தக் கேள்வியோடு சுடுகாட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விடும். அப்படி நிற்பவர்கள் இருபதாம் நூற்றாண்டில் நிறையப் பேர்.

'புதிய பறவை'யின் (1964) 'எங்கே நிம்மதி' வேறு ஜாதி. அதில் வரியைவிட வாத்தியக் கூட்டம் அதிகம் பேசுகிறது. மெல்லக் கெஞ்சுகிற குரல், திடீரென்று மேலே வந்து விழுகிற வயலின்கள், மறுபடி நிசப்தம். குற்ற உணர்ச்சி உள்ளவனுக்குத் தூக்கம் எப்படிக் கலையும் என்பதை இசையாலேயே காட்டிவிட்டார்கள்.

'மயக்கமா கலக்கமா' சோகப் பாட்டா, ஆறுதல் பாட்டா?

'சுமைதாங்கி' (1962) படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. வாய்ப்புக் கிடைக்காமல், போதும் சென்னை என்று ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிய கவிஞர் வாலி, ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதும் பயணத்தை ரத்து செய்துவிட்டதாகப் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கண்ணதாசனின் வரி, அவருக்குப் போட்டியாக வரப்போகிறவரைச் சென்னையிலேயே பிடித்து நிறுத்தியது.

'உனக்கும் கீழே உள்ளவர் கோடி' என்ற வரி சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து நிம்மதி அடைவதா? ஆனால் ஸ்ரீநிவாஸ் அதைப் பாடும்போது உபதேசம் செய்கிற தொனி இல்லை. அவரும் அதே மயக்கத்தில் இருக்கிற மாதிரித்தான் பாடுகிறார். அந்தக் குரல் இல்லாமல் வரியை மட்டும் காலண்டர் தாளில் அச்சடித்தால் எரிச்சல் வரும்.

சினிமாவில் விரக்திப் பாட்டெல்லாம் ஆண்களுக்கே ஏன் போகிறது?

ஏனென்றால் ஆணுக்கு அழ இடமில்லை. பெண்களுக்கு சாவு வீட்டில் ஒப்பாரி இருந்தது. ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். சினிமா அந்த பெஞ்சுக்காரர்களுக்கு ஓர் ஒப்பாரியைக் கொடுத்தது. தியேட்டர் இருட்டு வேறு வசதி.

பெண்களுக்கு வந்தவை எண்ணிக்கையில் குறைவு, கனத்தில் குறைவில்லை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில், நான் செத்துவிட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்று நோயாளிக் கணவன் சொல்லிவிட, மனைவி 'சொன்னது நீதானா' என்று கேட்கிறாள். பி. சுசீலாவின் குரலும் சிதாரும். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவளுக்கோ அது அவன் சாவதற்கு முன்பே நடந்த சாவு. கோபம், கெஞ்சல், அவமானம் மூன்றையும் குரலை உயர்த்தாமலே சுசீலா காட்டிவிடுகிறார்.

2010-க்குப் பிறகு 'சூப் சாங்' என்று ஒரு வகை கிளம்பியது. காதலில் தோற்ற பையன்கள் நண்பர்களோடு சேர்ந்துகொண்டு, விட்டுப்போன பெண்ணைத் திட்டுகிற பாட்டு. இதை நான் சோகப் பாட்டில் சேர்க்க மாட்டேன். சோகப் பாட்டு தன் விதியை நொந்துகொள்ளும், கடவுளைக்கூடத் திட்டும். அவளை அடி, உதை என்று கூட்டாளிகளை ஏவாது. திட்டி முடித்த கையோடு மனசு லேசாகிவிட்டது என்று பையன்கள் சொல்லலாம். அந்தப் பாட்டைக் கல்லூரி பஸ்ஸில் சத்தமாகப் போடும்போது முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

'இது இல்லாத அது' என்று அடுக்குகிற பாட்டுகள் ஏன் அவ்வளவு பிரபலம்?

1980-ல் 'ஒருதலை ராகம்' வந்தபோது டி. ராஜேந்தர் எழுதிய 'இது குழந்தை பாடும் தாலாட்டு'தான் இதற்குப் பெரிய உதாரணம். இரவு நேரத்துப் பூபாளம், மேற்கில் தோன்றும் உதயம், நதியில்லாத ஓடம் என்று நடக்கவே முடியாதவற்றை எஸ்.பி.பி. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போவார். தன்னிடம் சொல்லாத காதலுக்கு இதைவிடச் சரியான கணக்கு இல்லை: எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் எதுவும் கிடைக்கவே இல்லை.

அடுக்கு மட்டும் என்றால் வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும். சரணத்தில் 'வடமிழந்த தேரது ஒன்றை நாள்தோறும் இழுக்கிறேன்' என்று வருகிறது. ராஜேந்தர் மாயவரத்துக்காரர். தேர் ஓடுகிற ஊரில் வளர்ந்தவருக்குத்தான் வடமில்லாத தேர் என்றால் என்னவென்று புரியும். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்தாலே முக்கி முனகி நகர்கிற சாமான், அதை ஒருத்தன் தனியாக, பிடிக்கக் கயிறும் இல்லாமல், தினமும்.

சோகமாகப் பாடினால் அது பலித்துவிடும் என்கிறார்களே?

அதே 'ஒருதலை ராகம்' படத்தில் டி.எம்.எஸ். 'நானொரு ராசியில்லா ராஜா', 'என் கதை முடியும் நேரமிது' என்று இரண்டு பாட்டுப் பாடினார். அதற்குப் பிறகு அவருக்கு வாய்ப்பு குறைந்தது என்று சினிமா வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: இளையராஜா 1976-லேயே வந்துவிட்டார். எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சராகிவிட்டார், அவருக்குப் பாட வேண்டிய தேவையே போய்விட்டது. எஸ்.பி.பி., ஜேசுதாஸ், மலேசியா வாசுதேவன் என்று புதுக் குரல்கள் ஊரை ஆண்டன. டி.எம்.எஸ். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு பாடாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆனால் இந்த நம்பிக்கை பழசு. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனைப் பற்றிய நந்திக் கலம்பகத்துக்கும் ஒரு கதை உண்டு. அறம் வைத்து, அதாவது சாபத்தைச் சொல்லுக்குள் ஒளித்து வைத்துப் பாடிய அந்தப் பாடல்களைக் கேட்டால் சாவு நிச்சயம் என்று தெரிந்தே, தமிழின் மீதிருந்த ஆசையால் சிதையில் உட்கார்ந்து அவன் கேட்டு முடித்தானாம். வரலாறு இல்லை, கதைதான். அவன் சாவைப் பாடும் தனிப்பாடல் ஒன்றும் அதோடு சேர்த்து வழங்குகிறது. உன் முகம் நிலவிடம் போனது, புகழ் கடலுக்குள் போனது, வீரம் புலியிடம், கொடுத்த கைகள் கற்பகத்திடம், உடம்பு தீயிடம் என்று வரிசையாகப் பங்கு பிரித்துவிட்டுப் புலவர் கேட்கிறார்: 'நானும் என் கலியும் எவ்விடம் புகுவோம், நந்தியே!' கலி என்றால் இங்கே வறுமை. எல்லாவற்றுக்கும் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது, எனக்கும் என் தரித்திரத்துக்கும்தான் இல்லை. படியளந்தவன் போன பிறகு நாளைச் சோற்றுக்கு என்ன வழி என்ற பயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனாலேயே நான் இந்த அழுகையை நம்புகிறேன்.

வார்த்தை சோகம், தாளம் குத்து. இது எப்படிச் சரியாகும்?

வடசென்னைக்காரரிடம் கேளுங்கள், கேள்வியே புரியாது என்பார். மரண கானா அப்படித்தான். பிணத்தை வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் பாடுவார்கள். தாளம் ஆட வைக்கும், வார்த்தை அழ வைக்கும். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுப் போனார், மனுஷன் கடைசியில் என்ன ஆகிறான் என்று போகும். விடிகிற வரை யாரும் தூங்கக் கூடாது, அதற்குத் தாளம் வேண்டும்.

2011 நவம்பரில் வந்து உலகம் சுற்றிய 'கொலவெறி'யும் பெயரளவில் ஒரு சோகப் பாட்டுதான். சூப் சாங் வகைதான் என்றாலும் அதில் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. பையன் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறான். அரைகுறை ஆங்கிலத்தில் அழுதால் அவமானம் கொஞ்சம் குறைகிறது.

சோகப் பாட்டு கேட்டே உயிரை விட்டவர்கள் உண்டாமே?

ஹங்கேரியில் ரெஜோ செரெஷ் என்பவர் 1933-ல் இசையமைத்த 'இருண்ட ஞாயிறு' பாட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதைக் கேட்டு நிறையப் பேர் தற்கொலை செய்துகொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பாட்டுதான் காரணம் என்று நிரூபணமானதில்லை. பொருளாதார மந்தமும் போர் பயமும் ஆட்டிய காலம் அது. பிபிசி வானொலி, பில்லி ஹாலிடே பாடிய ஆங்கில வடிவத்தைப் போரின்போது தடை செய்து, 2002-ல்தான் தடையை நீக்கியது. பேய்க் கதை மாதிரி இதைப் பரப்புவது எனக்குப் பிடிப்பதில்லை.

வீட்டில் பிள்ளை எப்போதும் சோகப் பாட்டே கேட்கிறான். பயப்பட வேண்டுமா?

பாட்டை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். கேட்டு முடித்துவிட்டுச் சாப்பிட வருகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா, தூங்குகிறானா என்று பாருங்கள். பலருக்குப் பாட்டு முடியும்போது மனசு இறங்கிவிடும். சிலருக்கு ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து இன்னும் ஆழமாகப் போகும். கேட்டபின் முன்பைவிட மோசமாகிறதா என்பதுதான் அடையாளம். முன்பு பிடித்த எதுவுமே பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிற பேச்சு வருகிறது, சாமான்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறான் என்றால் பாட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: சாகணும் போல இருக்கா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம். இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படி இருந்தாலும் கூப்பிடுங்கள்.

'கண்ணே கலைமானே' தாலாட்டுதானே, அது ஏன் எல்லோருடைய சோகப் பட்டியலிலும் இருக்கிறது?

'மூன்றாம் பிறை' (1982) முடிவு தெரிந்தவர்களுக்கு அது தாலாட்டாகக் கேட்காது. கண்ணதாசன் எழுதிய கடைசி சினிமாப் பாட்டு என்பதும் சேர்ந்துகொண்டது. 1981 அக்டோபரில் சிகாகோவில் அவர் இறந்தபோது படம் வெளியாகியிருக்கவில்லை.

கல்யாண ரிசப்ஷனில் சோகப் பாட்டு பாடலாமா? பெரிய மாமா 'எங்கே நிம்மதி' கேட்கிறார்.

மெல்லிசைக் குழுக்காரர்கள் எல்லோருக்கும் இந்த மாமாவைத் தெரியும். சாப்பாட்டுப் பந்தி மூன்றாவது ஓடும்போது மேடைக்குப் பக்கத்தில் வந்து துண்டுச் சீட்டு நீட்டுவார். அனுபவமுள்ள பாடகர் 'கண்டிப்பா சார்' என்று சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பெண் சாப்பிடப் போகும் வரை காத்திருப்பார். மணமக்கள் மேடையில் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் பாடிவிடலாம். அப்போது கூட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லோருமே கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்கள், கைத்தட்டல் நன்றாகவே கிடைக்கும். ஒரேயடியாக மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாமா மைக்கை வாங்கித் தானே பாடிவிடுவார்.